ஒன்பது வினாடி

"முட்டியை மடக்குங்க, முட்டியை" என்றாள் ஜாஸ்மின். அவள் கையில் செல்போன் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

முட்டி மடங்கித்தான் இருந்தது. இன்னும் மடக்கினால் உட்கார்ந்துவிட வேண்டியதுதான். அவள் புருஷன் கலைவாணனின் காலடியில் பலகை. பலகைக்கு அடியில் போர்வெல்லுக்கு இறக்கியதில் மிஞ்சிய குழாய்த் துண்டு. குழாய் இந்தப் பக்கம் உருண்டால் இவனும் போனான், அந்தப் பக்கம் உருண்டால் இவனும் வந்தான். கைகளை விரித்து, பக்கவாட்டில் நின்று, தலையை மட்டும் முன்னால் திருப்பியிருந்தான். கக்கூசில் பாதி எழுந்தபோது யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல இருக்கிறது என்று அவனே ஒருநாள் படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தான்.

"எத்தன ஆச்சு?"

"முப்பது செகண்டு. பேசாதீங்க."

பேசியதால் விழுந்தான்.

தொப்பூர்க் கணவாயில் லாரிக்காரர்கள் சாப்பிடும் ஓட்டலில் அவன் பரோட்டா மாஸ்டர். வயது முப்பத்தாறு, எடை எண்பத்திரண்டு. மூன்று குளிர்காலமாகச் சேலத்துச் சுற்றுலாக்காரர் ஒருவரோடு மணாலிக்குச் சமையலுக்குப் போய்வருகிறான். அவ்வளவு தூரம் பனியைப் பார்க்க வருகிறவர்களுக்கு அங்கேயும் சாம்பார் சாதம் வேண்டும். மதியம் பாத்திரம் கழுவியானதும் பலகையில் கால்களைக் கட்டிக்கொண்டு பனிச் சரிவில் வழுக்கப் பழகினான். சொல்லிக்கொடுக்கும் பள்ளி நடத்துகிற நேகி இவனைக் கவனித்திருக்கிறார். தமிழ்நாட்டுக்காரர்கள் நிறைய வருகிறார்கள், தமிழில் சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும், ஆனால் பனியில்லாத மாதங்களில் உடம்பு எல்லாவற்றையும் மறந்துவிடும் என்றார். மறக்காமலிருக்க வீட்டிலேயே உருளைமேல் பலகை வைத்து நின்று பழக வேண்டும். பலகையின் எந்த முனையும் தரையைத் தொடாமல் இரண்டு நிமிடம் நிற்கும் படத்தை, வெட்டாமல் ஒட்டாமல், நவம்பர் முதல் ஞாயிறு மாலை ஆறுக்குள் அனுப்ப வேண்டும். நின்றுவிட்டால் இந்த வருடம் கரண்டி இல்லை. பயிற்சியாளர்கள் போடும் சிவப்புச் சட்டை.

அவன் ஊரான அதியமான்கோட்டையில் பனி என்றால் மார்கழிக் காலையில் மூக்கடைப்பது. அங்கே சித்திரை வெயிலில் ஒருவன் பனிச்சறுக்குப் பழகினான். மதில்மேல் தலையை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கோவிந்தன் கேட்டார்.

"என்ன கலை, சர்க்கஸ்ல சேந்துட்டியா?"

"இல்லீங்ண்ணா, முட்டி வலி. டாக்டர் சொன்னாரு."

உண்மையைச் சொல்வதைவிட முட்டி வலி கௌரவமாக இருந்தது.

மூன்றாம் மாதம் கால்சட்டை பின்னால் கிழிந்தது. அடுத்ததும் அதே இடத்தில் கிழிந்தது. அதிலிருந்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினான்.

"பனியிலயும் இதோடதான் வழுக்கப் போறீங்களா?" என்றாள் ஜாஸ்மின்.

இன்று அந்த ஞாயிறு. மணி நாலு. ஆறு முறை விழுந்தாயிற்று. ஏழாவது முறை ஏறியதும் என்னவோ நேர்ந்தது. குழாய் அடங்கியது. ஒரு நிமிடம் போயிற்று. ஒன்றரை நிமிடம். ஜாஸ்மின் சத்தமில்லாமல் உதட்டால் எண்ணிக்கொண்டிருந்தாள். கலைவாணன் சிவப்புச் சட்டையைப் போட்டே விட்டான். அதில் தன் பெயர் இந்தியில் எழுதியிருப்பதைக்கூடப் பார்த்தான்.

கேட் கிறீச்சிட்டது. பெரியண்ணன் மாமா உள்ளே வந்தார். அக்காவின் புருஷன். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

சும்மா நின்றிருக்கலாம். வாயால் மட்டும் 'வாங்க' சொல்லியிருக்கலாம். ஆனால் அக்காவின் கல்யாணத்திலிருந்து பதினாலு வருடமாக மாமாவின் முன்னால் அவன் மடித்துக் கட்டிய லுங்கியோடு நின்றதில்லை. கைகள் யாரையும் கேட்காமல் இடுப்புக்குப் போய் மடிப்பை அவிழ்த்துவிட்டன. லுங்கி இறங்கிப் பாதத்தை மூடி, பலகைக்கும் குழாய்க்கும் நடுவே மாட்டியது. பலகை மாமாவின் காலடிக்குப் போய் நின்றது.

"வாங்க மாமா" என்றான், தரையில் உட்கார்ந்தபடி.

"என்னப்பா இது?"

"முட்டி வலிங்க மாமா."

"எந்த முட்டி?"

"ரெண்டும்."

"உழுந்தா சரியாயிருமா?"

ஜாஸ்மின் செல்போனைப் பார்த்தாள். "ஒரு நிமிசம் அம்பத்தொண்ணு."

காப்பி போடும்போது அடுப்படியில் அவனை நிறுத்திக் கேட்டாள். "ஒம்போது செகண்டு கழிச்சு மரியாத குடுத்தா அவரு கோச்சுக்குவாரா?"

"கை தானாப் போச்சு ஜாஸ்மின்."

"பரோட்டா வீசுற கைதான? சொன்னா கேக்காதா?"

மாமா ஐந்தரை வரை தக்காளி விலை பேசிவிட்டுக் கிளம்பினார். பிறகு மூன்று முறை ஏறினான். இருபது வினாடியைத் தாண்டவில்லை. ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது அந்த ஒன்று ஐம்பத்தொன்றையே அனுப்பினான், லுங்கி இறங்குவது உட்பட. ஏன் அவிழ்த்தேன் என்று நேகிக்கு இந்தியில் விளக்கப் பார்த்தான். அவனுடைய இந்தி உப்பு, எண்ணெய், கேஸ் சிலிண்டர் வரைக்கும்தான். 'சாரி சார்' என்று மட்டும் போட்டான்.

மறுநாள் திங்கட்கிழமை. காலை ஐந்தரை பஸ்ஸில் தொப்பூருக்குப் போனான். பதினைந்து கிலோ மைதா பிசைந்தான். பத்து மணிக்கு நேகியிடமிருந்து பதில் வந்தது. இரண்டு நிமிடம் இல்லை, அடுத்த வருடம் பார்க்கலாம். மதியம் சேலத்துச் சுற்றுலாக்காரர் சிவக்குமார் கூப்பிட்டார். ஜனவரியில் நாற்பது பேர், சமையலுக்கு வர முடியுமா என்று கேட்டார். வருகிறேன் என்றான். மூன்று மணிக்குக் கூட்டம் குறைந்தது. இடது இடுப்பு வலித்ததால் நின்றுகொண்டே சாப்பிட்டான்.