அந்தோணிக்கு வந்த இழவுச் சோறு

இந்த ஊரில் வெள்ளைக்காரர் வீட்டில் சாவு விழுந்தால் அழுகைச் சத்தம் கேட்காது. ஒரு காகிதம் வரும். நம் பக்கத்தில் சேதி காதில் விழுந்ததும் போட்டது போட்டபடி ஓடுவோம். இங்கே அந்தக் காகிதம் துரைமார் கிளப்பிலிருந்து புறப்பட்டு, பாங்கி, சர்க்கார் கச்சேரி, தோட்டத்து ஆபீஸ் என்று மேசை மேசையாகச் சுற்றும். பெயரும் தொகையும் எழுதி அடுத்தவர் பக்கம் தள்ளிவிட வேண்டியது, துக்கம் விசாரித்தாயிற்று. மலாயாவில் ஈப்போவிலிருந்து நாலு மைல் தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி. விடியக்காலை ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டுச் செக்ரோல் என்கிற ஆஜர்ப் புத்தகம் எழுதுகிறவன். காகிதம்தான் எனக்குச் சோறு போடுகிறது. ஆனாலும் வந்து ஒன்பது வருஷம் ஆகியும் இந்தச் சாவுக் காகிதத்தைத் தொட்டால் கை கூசத்தான் செய்கிறது.

மூன்று மாதத்துக்கு முன் வந்தது ஓர் ஆகாயக் கப்பல்காரருக்கான காகிதம். ஊர் ஊராய்ப் போய்ப் பறந்து காட்டுகிற வெள்ளைக்காரர் அவர். ஈப்போ பந்தயத் திடலில் டிக்கெட் போட்டுக் காட்டினார். எங்கள் ஜனங்கள் லாரியில் போய் வேலிக்கு வெளியே நின்று ஓசியில் பார்த்தார்கள். ஆகாயத்துக்கு யார் வேலி போடுவது? கப்பலின் முன்னால் இருக்கும் காற்றாடியைக் கையால் சுற்றிவிடவும் யந்திரத்தைத் துடைத்து எண்ணெய் போடவும் ஈப்போ மோட்டார் பட்டறையிலிருந்து ஓர் ஆளை அமர்த்தியிருந்தார்கள். அவன்தான் என் அந்தோணி.

என் அந்தோணி என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. நாகப்பட்டணத்தில் நாங்கள் ஒரே கப்பலில் ஏறினோம். நான் மூன்று நாள் வாந்தி எடுத்துக் கிழிந்த துணியாய்க் கிடந்தபோது, முன்பின் தெரியாத அவன் கஞ்சியை வாயில் ஊற்றி, "முழுங்கு மச்சான், கரை வந்துரும்" என்று அதட்டினான். நான் இந்து, அவன் வேதக்காரன். அன்றைக்கு ஒட்டிய மச்சான் உறவு இன்று வரை விடவில்லை. சொந்த ஊர்ப் பேச்சை எடுத்தால் மட்டும் நழுவிவிடுவான். இதே பேராக் சீமையில் தைப்பிங்கில் பிறந்து வளர்ந்த லூர்தம்மாளைக் கட்டிக்கொண்டான். ஒரு பெண் குழந்தை. பறப்பதற்கு முதல் நாள் என்னிடம் வந்து, துரை பின்னால் உட்காரச் சொல்கிறார், ஏறட்டுமா என்று கேட்டான். ஏறு மச்சான், கீழே இருந்து என்னத்தைக் கண்டோம் என்று சொன்னவன் இந்தப் பாவிதான். அந்த வார்த்தையை விழுங்க முடியாமல் இன்னும் தொண்டையில் வைத்திருக்கிறேன்.

எழும்பிய கப்பல் திடலைத் தாண்டி, ஈயம் எடுத்த குட்டை ஓரம் லாலான் புல்லில் குப்புற விழுந்தது. வெள்ளைக்காரர் அங்கேயே போய்விட்டார். அந்தோணிக்கு வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். பத்து நாளில் கிளப்பின் காகிதம் வந்தது. பறக்கும்போது செத்தவர், அடிபட்டவர் ஆகியோரின் குடும்பங்களுக்கு ஒரு தர்ம நிதி ஆரம்பிக்கிறார்களாம். படித்ததும் எனக்குக் கண்ணில் ஒளி வந்துவிட்டது. சட்டையைத் தோய்த்துப் போட்டுக்கொண்டு நிதியின் காரியதரிசித் துரையைப் பார்க்க ஓடினேன்.

துரை நல்ல மனுஷர், அதுதான் கஷ்டம். உட்காரச் சொன்னார், முழுதும் கேட்டார். பிறகு, அவன் கப்பல் ஓட்டினவனா என்று கேட்டார். அதே உயரத்திலிருந்துதான் விழுந்தான் ஐயா என்றேன். வருத்தமாகத் தலையாட்டினார். நிதி ஓட்டுகிறவர்களுக்குத்தானாம், காற்றாடி சுற்றினவன் கூலி ஆளாம். ஆனாலும் விடவில்லை அவர். கைப்பணத்தில் அந்தோணி குடும்பத்துக்கு நாகப்பட்டணம் கப்பல் சீட்டு எடுத்துத் தருவதாகச் சொன்னார். அந்தப் பெண் பேராக்கில் பிறந்தவள், அங்கே அவளுக்கு ஒருத்தரும் இல்லை என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியானால் தன் சொந்த நாட்டை இப்போதுதான் முதல் தடவை பார்க்கப் போகிறாள் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

சொன்னபடி சீட்டும் வந்து சேர்ந்தது, மூன்று வாரத்தில் கப்பல். அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நானும் கூடவே ஊருக்குப் போய்விடலாமா என்று ராஜினாமா எழுதினேன், கிழித்தேன். கடைசியில், அவர்கள் ஒரு நிதி வைத்தால் நாம் ஒன்று வைக்க முடியாதா என்று வீம்பு வந்துவிட்டது. நானும் ஒரு காகிதம் தயார் பண்ணினேன். துரையின் காகிதத்தில் இருந்த மாதிரியே, "ஆகாயக் கப்பலில் அடிபட்ட அந்தோணியின் குடும்பத்துக்கு" என்று தலைப்பிட்டு, கைநாட்டு வைக்க மைப்பெட்டியும் எடுத்துக்கொண்டு பெரட்டில் படித்தேன். ஒருவரும் கிட்டே வரவில்லை. "இதுல கைநாட்டு வச்சா எத்தனை வருசம் வேலை செய்யணும் கிராணியாரே?" என்று ஒருவர் நிஜமாகவே கேட்டார். ஒப்பந்தக் காகிதத்தில் கைநாட்டு வைத்துக் கப்பலேறி அனுபவித்தவர்கள். என் புத்திக்கு அது எட்டவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, நன்றி கெட்ட ஜனம் என்று முணுமுணுத்தபடி ஆபீசுக்குப் போய்விட்டேன்.

அவர்கள் காகிதத்தைத்தான் விட்டார்கள், காரியத்தை விடவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஈப்போவில் அந்தோணி வீட்டில் உட்கார்ந்து, சீட்டை எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் பட்டறைக் கதை பேசிக்கொண்டிருந்தேன். சந்து முனையில் திடீரென்று ஒப்பாரி கிளம்பியது. எட்டிப் பார்த்தால் எங்கள் தோட்டத்தின் வரிசை வீட்டு லயங்களிலிருந்து பெண்கள் முப்பது பேர், தலைமுடியை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு வருகிறார்கள். பின்னால் ஆண்கள் தலையில் சோற்றுப் பானை, கத்தரிக்காய்க் குழம்பு. முன்னால் வள்ளியம்மை அக்கா, பால் மரம் சீவுகிறவள், தோட்டத்தில் அவள் குரல் இல்லாமல் எந்தச் சாவும் எழும்பியதில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடிபட்டவன் உயிரோடு இருந்தால் அவனுக்கு என்று கேட்போம். குடும்பத்துக்கு என்று கேட்டால் ஆள் போய்விட்டான் என்றுதானே நம் ஜனம் எடுத்துக்கொள்ளும்? சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. அதனால் சமைத்துச் சுமந்துகொண்டு நாலு மைல் நடந்து வந்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர் வாசகத்தைக் காப்பியடித்த லட்சணம்.

லூர்தம்மாள் அகப்பையோடு வாசலுக்குப் பாய்ந்தாள். "யாருக்குடி இழவுச் சோறு? என் புருசன் குத்துக்கல்லாட்டம் உள்ள இருக்காரு" என்று கத்தினாள். ஒப்பாரி அப்படியே அறுந்தது. வள்ளியம்மை அக்கா எட்டிப் பார்த்து, கட்டிலில் உட்கார்ந்திருந்த அந்தோணியைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தே நின்று வேடிக்கை பார்த்தது. லூர்தம்மாள் பானையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். சாவு வீட்டுக்கு என்று கொண்டு வந்த சோற்றைத் திருப்பிக் கொண்டு போகக்கூடாது, போனால் எங்கள் லயத்துக்குக் கேடு என்றாள் அக்கா. உயிரோடு இருக்கிறவனுக்கு அதைப் போட்டால் என் தாலிக்குக் கேடு என்றாள் இவள். நான் நடுவில் நின்று, தப்பு என்னுடையது என்று சொன்னது யார் காதிலும் விழவில்லை.

உள்ளிருந்து அந்தோணிதான் பேசினான். "லூர்து, சோத்த எறக்கு. கால் ஒண்ணு செத்துச்சில்ல? அதுக்கு யாருமே அழுவலயேன்னு இருந்துச்சு. அந்தக் காலுக்கு வந்த சோறுன்னு நெனச்சுக்க. நானே மொதல்ல திங்கறேன்."

தின்றான். இரண்டு தடவை வாங்கித் தின்றான். பிறகு எல்லாரும் உட்கார்ந்தார்கள். சத்தம் கேட்டு வந்திருந்த பட்டறை ஆட்களும் இலையில்லாமல் தட்டில் வாங்கிக்கொண்டார்கள். சாப்பாட்டின் நடுவே, ஏதோ சில்லறை சந்தேகம் மாதிரி, அவன் கேட்டான்: "அக்கா, பாட்டுல எனக்கு எந்த ஊருன்னு வச்சீங்க?"

வள்ளியம்மை அக்கா கூச்சத்தோடு சொன்னாள். "ஒங்க ஊரு யாருக்குத் தெரியும் தம்பி? ஊரில்லாம பாட முடியுமா? ஈப்போ ஊராளப் பொறந்த ராசாவேன்னு வச்சுட்டோம். குத்தமா?"

அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். இடது கையால் கண்ணைத் துடைத்தான். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. சீட்டு விஷயத்தை எல்லார் முன்னாலும் உளறிவிட்டேன். அவன் அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "திருப்பிக் குடுத்துரு மச்சான். இருப்போம்லா. காலில்லாட்டி என்ன, கையிருக்கு" என்றான். பட்டறை முதலாளி, அந்தச் சீனத் தவுக்கே, அவனை உட்கார்ந்த வேலைக்கு எடுத்துக்கொள்வதாக ஏற்கெனவே சொல்லியிருந்தாராம். அது கைகூடும் வரை என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது, காகிதம் வேண்டாம், வீட்டுக்கு ஒரு பிடி அரிசி என்று அக்கா சொன்னாள். உலை வைக்கும்போது ஒரு பிடி தனிச்சட்டியில். ஞாயிறுதோறும் ஒரு லயம் கொண்டுவந்து கொட்டும். எங்கள் நிதி அப்படித்தான் ஆரம்பித்தது. இனி எவன் பறந்து விழுந்தாலும், ஓட்டினவனோ சுற்றினவனோ, அவன் வீட்டுக்கும் உண்டு என்று பேச்சு. கிளம்பும்போது அக்கா என்னைச் சீண்டினாள்: "ஒங்களுக்கு எந்த ஊரு வைக்கணும் கிராணியாரே? இப்பவே சொல்லி வச்சிருங்க." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் ஊர்ப் பேர் நாக்கு நுனியில்தான் இருந்தது. அதைச் சொன்னால் பொய்யாகுமோ, ஈப்போ என்றால் துரோகமாகுமோ என்று ஒரு தவிப்பு.

மறுநாள் கப்பல் ஏஜண்ட் ஆபீசுக்குப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருவர். அந்தோணி போகவில்லை, பணத்தைத் துரைக்குத் திருப்பிவிடுங்கள் என்று சொல்லிச் சீட்டை நீட்டினேன். அவர் ஒரு முனையைப் பிடித்தார். கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"சீட்டை விடுங்கோ" என்றார்.