கக்கத்துச் செருப்பு

புது ரோடு தொடங்கும் இடம் வந்ததும் மேஸ்திரி செருப்பைக் கழற்றி இடது கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறார். கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறார். உச்சி வெயிலில் சரளை கொதிக்கிறது. அவரோ பூங்காவில் உலாவுகிறவர் மாதிரி போகிறார். பத்தடிக்கு ஒருமுறை குதிகாலை ஊன்றி ஒரு திருகு திருகி, "ம்" என்கிறார். அந்த "ம்" கிடைத்தால்தான் கல்லுருளை இழுக்கும் மாடுகளுக்கு ஓய்வு.

நான் இந்த ரோட்டுக்கு ஓவர்சியர். என்னிடம் மட்டம் பார்க்க ரசமட்டம் இருக்கிறது, அளவுச் சங்கிலி இருக்கிறது, இவற்றையெல்லாம் படித்துத் தேறிய சான்றிதழும் இருக்கிறது. மேஸ்திரி எல்லாவற்றையும் வெகு மரியாதையோடு பார்ப்பார். பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றுவார்.

ஆள் குள்ளம், குரல் மட்டும் ஒன்றரை மைல் போகும். ரோடு அவர் காலுக்குப் பிடிக்கும்வரை செருப்பு கக்கத்தை விட்டு இறங்காது. சாப்பிடும்போதும் அங்கேதான். ஆட்களைத் திட்டும்போது வலது கை மட்டும் ஆடும். ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். "கண்ணு நல்லாத்தான் இருக்குங்கய்யா. ஆனா ரோட்டுல நடக்கிறது அது இல்லையே" என்றார்.

ஜல்லி உடைக்கும் பெண்களுக்கெல்லாம் தலைவி அவர் மனைவி. ஆட்களை நடுங்கவைக்கிற மேஸ்திரி அவளிடம் பெட்டிப் பாம்பு.

போன திங்கட்கிழமை பெரிய இன்ஜினீயர் துரை குதிரையில் வந்தார். இறங்கி, பூட்சு சத்தமிட நாலு எட்டு நடந்தார். என் ரசமட்டத்தைக் குனிந்து பார்த்தார். "வெரி குட்" என்று என் முதுகில் தட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆட்கள் கூடாரத்தைப் பிரிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். திரும்பிப் பார்த்தால், மேஸ்திரி கக்கத்தில் இன்னும் செருப்பு!

சின்னப் பாலத்தை ஒட்டி ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார். "இங்க அமுங்குதுங்கய்யா. பாலத்துச் சுவருக்குப் பின்னால கொட்டின மண்ணு உள்ள இறங்குது."

"மேஸ்திரி, துரையே சரின்னுட்டாரே!"

"தொரை கால்ல பூட்சு இருந்துச்சே."

ஆட்கள் முனகினார்கள். மேஸ்திரியின் மனைவி சுத்தியலைப் போட்டுவிட்டு வந்தாள். "எல்லாருக்கும் வாய் மூஞ்சில இருக்கு, உங்களுக்குக் கால்ல இருக்கு! பொண்ணு வெள்ளிக்கிழமை பிள்ளையத் தூக்கிட்டு வர்றா. இப்பப் போய் ரோட்டத் தோண்டிப் போட்டா வண்டி எப்படி வரும்?"

பேத்தி பிறந்து முப்பது நாள். ரோட்டு வேலையை விட்டுப் போக முடியாமல் இருவரும் இன்னும் முகம் பார்க்கவில்லை. மேஸ்திரியின் குரல் முதல்முறையாகப் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு இறங்கியது. "அதுக்குத்தான் சொல்றேன். பூனை நடந்தாலே முழிச்சு அழுவுதாமே. இந்தப் பள்ளத்துல சக்கரம் தூக்கிப் போட்டா பிஞ்சு உடம்பு தாங்குமா?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு ஆட்கள் பக்கம் திரும்பினாள். "என்னடா வேடிக்கை? கடப்பாரைய எடுங்க!"

மூன்று நாள் வேலை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, தோண்டிய இடத்தில் முழங்கை ஆழத்துக்கு ஒரு பொந்து இருந்தது. ரசமட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு நானும் திமிசுக்கட்டையைப் பிடித்தேன். எல்லோருமாய்த் தண்ணீர் விட்டு மண்ணைக் குத்தி இறுக்கினோம். மேலே ஜல்லி, அதன்மேல் சரளை, அதன்மேல் உருளை. என் உள்ளங்கையெல்லாம் கொப்புளம். அத்தனை சந்தோஷமாக நான் வேறெந்த வேலையும் செய்ததில்லை.

வியாழன் மாலை மேஸ்திரி மூன்று முறை நடந்து பார்த்தார். "ம்" வரவில்லை. செருப்பும் இறங்கவில்லை. "என் காலு சொன்னது போதும். நாளைக்குப் பேத்தி சொல்லட்டும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை மாட்டுவண்டி வந்தது. பாலத்தை நெருங்கியதும் மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார். சக்கரச் சத்தம் ஒரே சீராக வந்தது, பாலத்தைத் தாண்டியது, நின்றது. மகள் மடியிலிருந்த துணியை விலக்கினாள்.

"தூங்குறாப்பா. வீட்ல ஏறினதுலேர்ந்து ஒரே அழுகை. உங்க ரோட்டுக்கு வந்ததும் தூங்கிட்டா."

ஆட்கள் உற்சாகத்தில் கத்த வாயெடுத்தார்கள். மேஸ்திரியின் மனைவி விரலைக் காட்டியதும் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மேஸ்திரி இரண்டு கைகளையும் நீட்டினார். கக்கத்துச் செருப்பு இரண்டும் புது ரோட்டில் விழுந்தன. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.