மூன்று துடுப்பு ஆமை

என் நாத்தனார் லோரெட்டா ஆமையைக் குலச்சின்னமாகக் கொண்ட குலத்துக்காரி. அவள் பிடிவாதமும் ஆமையோடதுதான். ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே, எங்கள் டாரஸ் நீரிணைத் தீவில் கரை ஒதுங்கும் அறுந்த வலை, கம்பி, சிப்பி எல்லாவற்றையும் கோத்து ஆமை, சுறா, திருக்கை என்று சிற்பம் செய்வாள்.

போன வருடம் அப்படியொரு வலையில் சிக்கிய ஆமையை அவள்தான் அறுத்து விடுவித்தாள். அதற்கு முன்னாலேயே வலை இறுக்கி, அதன் முன்துடுப்புக் கால் ஒன்று போய்விட்டிருந்தது. அதே வலையில் இப்போது ஓர் ஆமை செய்தாள். அதற்கும் மூன்றே துடுப்பு.

கண்காட்சிக்கு எடுத்துப்போக வந்த நகரத்துக்காரருக்கு முகம் சுருங்கியது.

"ஆன்டி, பாக்கறவங்களுக்கு நம்பிக்கை வரணும். நாலாவதையும் வச்சிடுங்களேன்."

"வச்சுத்தான் தொலையேன் அக்கா, வலைக்கா பஞ்சம்?" என்றேன் நானும்.

"நீ சும்மா இருடி."

மறுநாள் விடியுமுன்னே கரையில் வலை பொறுக்கப் போனவள், விடிந்ததும் ஓடிவந்து எங்கள் இருவரையும் கடற்கரைக்கு இழுத்துப் போனாள். ஈர மணலில் ஓர் ஆமைத் தடம். ஒரு பக்கம் துடுப்பு ஆழமாக ஊன்றிய குழிகள்; மறுபக்கம் வெறும் இழுவை. தடம் கோணலாகவே மேடு வரைக்கும் ஏறி, முட்டையிட்டு மூடிய குழியைத் தொட்டு, மறுபடி கடலுக்கே திரும்பியிருந்தது.

"வந்துட்டா பாரு," என்றாள் லோரெட்டா.

வீட்டுக்கு வந்து, வலையிலிருந்து கழற்றிய உருண்டை வெள்ளை மிதவைகளைச் சிற்பத்தின் வயிற்றடியில் கட்டத் தொடங்கினாள். நகரத்துக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

"இந்தாங்க ஆன்டி, இன்னும் ரெண்டு முட்டை இருக்கு."