யானை விட்டுவைத்த மூலை

இன்று காலை பென்னாகரம் பக்கம் சித்தப்பாவின் ராகிக் கொல்லைக்குப் போயிருந்தேன். விடியற்காலையில் யானை இறங்கி முக்கால்வாசியை மிதித்துவிட்டது. வரப்போரம் ஒரு மூலை மட்டும் தப்பி, கதிரோடு நின்றது.

முதலில் வந்த சேனல்காரர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அரை மணி கழித்து இன்னொரு சேனல் நிருபரும் கேமராமேனும் வந்தார்கள். மிதிபட்ட பக்கம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. எதிர்வெயிலாம்.

"வெளிச்சம் இந்த மூலையிலதாங்க நல்லா இருக்கு. இதையும் கொஞ்சம் சாய்ச்சுக்கலாம்" என்றார் கேமராமேன்.

"அது நல்லா நிக்கற பயிருங்க" என்றார் சித்தப்பா.

"நியூஸ் நல்லா வந்தாத்தானேங்க உங்களுக்கு நஷ்டஈடு சீக்கிரம் கெடைக்கும்" என்றார் நிருபர்.

அதற்குமேல் சித்தப்பா வாய் திறக்கவில்லை. வரப்பில் நின்ற நானும்தான். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

கேமராமேன் ஷூ காலோடு ஏறி மிதித்தார். நிருபர் மைக்கோடு அதன் நடுவில் நின்று, யானைகளின் அட்டகாசம் என்று மூன்று முறை பேசினார். ஒவ்வொரு முறையும் இடம் மாறி நின்றார். பிறகு சித்தப்பாவை அங்கேயே உட்காரவைத்து, தலையில் கை வைக்கச் சொன்னார்.

வைத்தார். அதற்கு நடிப்பு தேவைப்படவில்லை.

மாலைச் செய்தியில் வந்தது அந்த மூலைதான். யானை மிதித்த பக்கம் ஒரு நொடிகூட வரவில்லை.

வனத்துறைக்குக் கொடுக்கும் மனுவில் யானை மிதித்ததைத்தான் எழுத முடியும். மைக் மிதித்ததை எந்த ஆபீஸில் எழுதிக் கொடுப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.