பிளக்கடியில் இருந்தவள்

கொழும்பில் இருந்து இவர் கப்பலில் வந்து இறங்கியபோது உடுத்திருந்த சாரமும் யாரோ கொடுத்த துவாயும்தான் மிச்சம். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரம் முடிந்த கையோடு. இவர் என்று நான் எழுதுவது என் கணவரை. பெயர் சொல்லிப் பழகவில்லை. எழுதவும் கை வருகுதில்லை. அங்கே படகு திருத்தும் ஒரு யார்ட்டில் பல வருடம் வேலை செய்தவர். சேர்த்து வைத்த மெசின்கள் எல்லாம் இருந்த அறையோடு எரிந்துவிட்டன. வலது தோளில் பொல்லடி விழுந்து, அந்தக் கை தலைக்கு மேலே எழும்பாது. காது அதற்கு முன்பே பாதி போயிருந்தது. இரும்பு உராய்கிற கிரைண்டருக்குப் பக்கத்தில் நின்று நின்று போனது. மற்றப் பாதி ஊருக்கு வந்த பிறகு போய்விட்டது.

காது போன ஆளுக்குக் குரல் ஏறும். இவர் இரகசியம் என்று நினைத்துச் சொல்வது ஒழுங்கை முழுக்கக் கேட்கும். நான் எதிர்மாறு. ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றது. படித்த காலத்திலும் வாத்தியார் கேள்வி கேட்டால், விடை தெரிந்தாலும் குனிந்துகொண்டிருப்பேன். இவருக்குக் கேட்கும்படி கத்தினால் வேலிக்கு அந்தப் பக்கத்திலும் கேட்குமே என்ற வெட்கத்தில் கத்துவதையே விட்டுவிட்டேன். சோறு ஆகிவிட்டால் தோளில் தட்டுவேன். ஆராவது வந்தால் சேட்டுக் கையைப் பிடித்து இழுப்பேன். படுக்கும்போது புருசனும் பெண்சாதியும் கதைக்கிற கதை எங்களுக்கு இல்லாமல் போனது.

நாங்கள் இருந்தது பண்டத்தரிப்பில். கடற்கரை சைக்கிள் ஓடுகிற தூரம். இவர் வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு வள்ளக்காரர் தேடி வந்தார்கள். மரவள்ளத்துக்குப் பலகை மாற்ற வேண்டும், ஆணிக்குத் துளை போட வேண்டும், சீவ வேண்டும். உளியும் சீவுளியும் இரவல் வாங்கலாம். அந்தத் தோளோடு சீவுளியைத் தள்ள முடியாது. மெசின் இருந்தால் இவர் ஆள், இல்லாவிட்டால் இல்லை. அதுதான் எங்கள் வீட்டு நிலைமை.

யாழ்ப்பாணம் ரவுணில் பழைய மெசின் விற்கிற ஒரு கடைக்கு என்னையும் வரச் சொன்னார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. கடைக்குள் ஆம்பிளைகள் மட்டும் நின்றார்கள். நான் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வாசலோடு நின்றேன். கடைக்காரர் ஒரு துளை மெசினைப் பிளக்கில் குத்தி ஓடவிட்டார். இவர் அதன் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சை வாரும். என்ன சொல்லுது இது?"

தெருவில் போனவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் சிரித்துக்கொண்டு, "அக்காவோ ஓட்டப் போறா?" என்றார். எனக்குக் காதுமடல் சுட்டது. ஆனாலும் போய்க் குனிந்து கேட்டேன். மில்லில் மா அரைக்கும்போது கல்லில் ஏதாவது மாட்டினால் ஒரு கரகரப்பு வருமே, அது உள்ளே இருந்தது. இவருடைய மணிக்கட்டைக் கிள்ளினேன். வேண்டாம் என்று விளங்கிக்கொண்டார். அடுத்ததை ஓட விட்டார்கள். அதில் பொறி பறந்தது, ஒரு தீய்ந்த மணமும் வந்தது. அதற்கும் கிள்ளு. கடைக்காரருடைய சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது.

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று பளபளவென்று இரும்பு உடம்பு. கடைக்காரர் அதைத்தான் தூக்கித் தூக்கிக் காட்டினார். மற்றது பிளாஸ்டிக் உடம்பு, இரும்புக் கறள் மாதிரி ஒரு நிறம், மெதுவாகச் சுற்றுவது. சத்தம் இரண்டிலும் பிழை இல்லை. இவர் பிளாஸ்டிக்கை எடுத்தார். ஈர மணலில் நின்றுகொண்டு இரும்பு உடம்பைப் பிடித்தால் ஒரு நாளைக்குக் கரண்ட் ஆளை எடுக்கும் என்றார். வேகமாகச் சுற்றுகிறது ஊறின மரத்தைக் கருக்கிப்போடும் என்றும் சொன்னார். சீவுகிற மெசினும் அப்படியே என் காதாலும் இவருடைய கையாலும் தெரிந்து எடுத்ததுதான். கடையை விட்டு வெளிக்கிடும்போது ஒரு கிரைண்டரை இவர் தொட்டார், நான் அவர் கையைப் பிடித்து எடுத்துவிட்டேன்.

"இனிக் காதிலை போறதுக்கு என்ன கிடக்கு?" என்று கடை முழுக்கக் கேட்கச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிரைண்டர் வாங்கவும் இல்லை.

கரைக்கும் நான் போக வேண்டி வந்தது. அந்த நாட்களில் ஆமியின் ஹெலிகொப்டர், ஹெலி என்போம், வரத் தொடங்கிவிட்டது. கரையில் ஆள் நடமாட்டம் கண்டால் சுடும். மெசின் ஓடும்போது காது உள்ளவனுக்கே அது கேளாது. இவருக்கு எப்படிக் கேட்கும்? கரைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் இருந்து கரண்ட் எடுத்து வயர் இழுப்பார்கள். மெசினின் பிளக் அந்த வயரில் குத்துகிற இடத்தில், இவரில் இருந்து தள்ளி, நான் இருப்பேன். தூரத்தில் அம்மிக்குழவியை உருட்டுகிற மாதிரி ஒரு சத்தத்தின் அசுமாத்தம் வந்தவுடன் பிளக்கைப் பிடுங்குவேன். மெசின் கையில் செத்ததும் இவர் அப்படியே விழுந்து வள்ளத்துக்குக் கீழே உருளுவார். நானும் போய்ச் சேருவேன். கத்தத் தேவையில்லை. பலமுறை அது சும்மா போயிருக்கிறது. பலமுறை தூரத்தில் சுட்டிருக்கிறது. இவருக்கு ஒரு கீறலும் இல்லை. சீலையும் கிழிசலும் தைக்க வேண்டிய நேரத்தில் நான் பிளக்கடியில் வானத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தேன். அதை வேலை என்று ஆரும் சொன்னதில்லை, நானும் நினைத்ததில்லை.

நடுவில் ஒரு சமாதானம் வந்தது, போனது. தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கினதும் கரண்ட் நின்றுவிட்டது. இன்று வரும் நாளை வரும் என்று கொஞ்ச நாள் சுவிச்சைப் போட்டுப் பார்த்தோம். பிறகு மெசின் இரண்டையும் எண்ணெய் பூசிச் சாக்கில் சுற்றி மூலையில் வைத்தார். பக்கத்தில் தானும் இருந்தார். காது கேளாத ஆளுக்கு வேலையும் இல்லாவிட்டால் நாள் முழுக்க என்ன செய்வது? சாக்கை அவிழ்ப்பார், துடைப்பார், கட்டுவார். சாப்பாடும் ஒருநேரம் ஆகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் சம்மாட்டியார் வந்தார். ஒரே ஒரு வள்ளம் வைத்திருந்தவர். சம்மாட்டி, வள்ள முதலாளி, என்று ஊர் சொன்னாலும் தானே வலை இழுக்கிறவர். ஹெலி சுட்ட சன்னம் பட்டு வள்ளத்தின் ஒரு பக்கப் பலகைகள் சல்லடையாகிவிட்டன. வாடைக்காற்றுத் தொடங்க முதல் கடலில் இறக்காவிட்டால் அவர் வீட்டிலும் அடுப்பு எரியாது. மண்ணெண்ணெயில் ஓடுகிற சின்ன ஜெனரேட்டர் ஒன்று எங்கேயோ தேடிப் பிடித்திருந்தார். நாங்கள் அதை எஞ்சின் என்றுதான் சொல்வது. இவருடைய முகம் பார்க்க வேண்டும். எஞ்சின் என்ற சொல்லைச் சம்மாட்டியாரின் வாயைப் பார்த்தே பிடித்துவிட்டார்.

எனக்கு அங்கேயே ஒரு பிழை தெரிந்தது. கரண்டில் ஓடினபோது சத்தம் மெசினில் மட்டும். நான் தள்ளி இருந்து கேட்டேன். எஞ்சின் போடுகிற சத்தத்தில் எனக்கும் ஒன்றும் கேளாது. இரண்டு பேரும் செவிடர் ஆகிவிடுவோம். இதை இவருக்கு எப்படிச் சொல்வது? என் இரண்டு காதையும் பொத்திக் காட்டினேன். இவருக்கு விளங்கியது. எஞ்சினைத் தள்ளி வைத்து நீள வயர் இழுப்போம் என்றார்.

கரண்ட் இல்லாத வீடுகளின் சுவரில் வயர் சும்மாதானே கிடந்தது. ஒவ்வொரு வீடாகக் கேட்டுக் கழற்றி, ஒன்றோடு ஒன்று முறுக்கி, சைக்கிள் ரியூப் சுற்றிக் கட்டினார்கள். எஞ்சினைப் பனங்கூடலுக்குள் ஒரு கிடங்கு வெட்டி இறக்கினார்கள். கரையில் இருந்து கேட்டால் ஒரு தேனீக்கூட்டம் மாதிரி. எனக்கு அது போதும். அதற்கு மேலால் வானம் கேட்டது.

துளை மெசின் ஓடியது. பலம் குறைவுதான், பொறுமையாகப் பிடித்தால் துளை விழுந்தது. சீவுகிற மெசின் அசையவில்லை. உறுமியது, சுற்றவில்லை. இவர் அதன் முதுகில் கையை வைத்துவிட்டு உடனே எடுத்தார். கரண்ட் இவ்வளவு தூரம் மெல்லிய வயரில் வந்து சேர முதலே களைத்துப்போகுது, இன்னும் கொஞ்சம் ஓட்டினால் மெசின் எரிந்துவிடும் என்றார். அது எரிந்தால் இனி ஒன்று தேட ஏலாது. துளை மெசினை மட்டும் வைத்துக்கொள்வோம் என்று கையால் சீவத் தொடங்கினார். அன்று பின்னேரம் இடக்கையால் சோறு தின்றார். அடுத்த நாள் சேட்டுப் போட நான் கையைத் தூக்கிவிட வேண்டியிருந்தது. இன்னும் பாதிப் பலகை கிடந்தது.

எஞ்சினைக் கிட்டக் கொண்டு வருவோம் என்று சம்மாட்டியார் சொன்னார். இவர் என்னைப் பார்த்தார். சம்மாட்டியாரும் என்னைப் பார்த்தார். பிற ஆம்பிளையின் முகத்தைப் பார்த்து நான் அதுவரை ஒரு வசனம் முழுதாகச் சொன்னதில்லை.

"கிட்டக் கொண்டு வந்தா எனக்கு ஒண்டும் கேளாது அண்ணை," என்றேன்.

"உமக்குக் கேளாட்டி என்ன தங்கச்சி? எனக்குக் கண் இருக்குத்தானே. நான் எஞ்சினடியிலை நிண்டு வானத்தைப் பாக்கிறன். கையைக் காட்டினா நீர் பிளக்கை இழும்." பிறகு இவருடைய பக்கம் நாடியால் காட்டிச் சொன்னார்: "புருசனுக்குக் காது கேக்கேல்லை எண்டா மற்றப் பெண்டுகள் நேர்த்தி வைச்சுப் பொங்குவினம். நீர் ஒராள்தான் அந்தாளுக்கும் சேத்துக் கேக்கிறீர்."

நான் சரி என்று தலையாட்டினேன். அவருடைய பிள்ளைகளும் பசியோடு இருந்தார்கள்.

அடுத்த நாள் வானம் வெளித்திருந்தது. சம்மாட்டியார் எஞ்சினை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, வள்ளத்தில் இருந்து ஒரு முற்றத்துத் தூரத்தில் இறக்கினார். வயரைப் பாதிக்கு மேலே வெட்டிவிட்டார்கள். சீவுகிற மெசின் பழையபடி பிடித்தது. சுருள் சுருளாகச் சீவல் பறந்து என் மடியில் விழுந்தது. தோளுக்குச் சிரமம் இல்லாமல் இவர் பலகைக்கு மேலே மெசினை நடத்திக்கொண்டு போனார். கடைவாயில் ஒரு சிரிப்பு இருந்தது. என் காதுக்குள் எஞ்சினைத் தவிர ஒன்றும் இல்லை. வானம் இருக்கிறதோ என்றே தெரியவில்லை. நான் சம்மாட்டியாரின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையை நெற்றியில் வைத்துக் கடலைப் பார்ப்பார், கிழக்கைப் பார்ப்பார், என்னைப் பார்த்து ஒன்றுமில்லை என்று தலையாட்டுவார்.

பனங்கூடல் பக்கம் திரும்பினவரின் வாய் திறந்தது. கை எழும்ப முதலே நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். இவர் விழுந்து உருண்டார். நானும் தவண்டு வள்ளத்துக்குக் கீழே போனேன். கீழே கிடந்தபடி பார்த்தால் சம்மாட்டியாரின் கால்கள் எங்கள் பக்கம் ஓடி வந்தன. பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பின. கரையில் மற்ற வள்ளங்களிலும் ஆட்கள் நின்றார்கள், எஞ்சின் சத்தத்தில் அவர்களுக்கும் கேட்டிராது. குனிந்து அதை நிற்பாட்டப் போனார். மணல் வரிசையாகத் துள்ளியது. எஞ்சின் நின்றது. அவர் நிற்பாட்டினாரோ, வெடிபட்டு நின்றதோ, எனக்குத் தெரியாது. அது நின்ற பிறகுதான் ஹெலியின் சத்தம் கேட்டது, அதுவும் கடலுக்கு மேலால் போகிற சத்தம்.

நான் கிடந்த இடத்தில் இருந்து அவரைப் பார்க்க முடிந்தது. பார்த்தேன். மண்ணெண்ணெய் மணலில் ஊறிக்கொண்டிருந்தது.

இவர் கடற்பக்கத்தால் வெளியே வந்துவிட்டார். வள்ளம் இடையில் மறைத்துக்கொண்டு நின்றது. நான் போனபோது மெசினுக்குள் போன மணலை ஊதிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துச் சம்மாட்டியின் மனைவி தேத்தண்ணிக் கேத்திலோடு கரையால் வந்துகொண்டிருந்தார். சத்தம் கேட்டுப் பதுங்கிக் கிடந்து எழும்பி வந்திருக்க வேண்டும். ஒரு பக்கச் சேலை முழுக்க மணல். அவருக்கும் வள்ளம் மறைத்தது.

"சம்மாட்டி எங்கை? ஓடிட்டாரோ?" என்று இவர் என்னைக் கேட்டார். ஒழுங்கை முழுக்கக் கேட்கிற அந்தக் குரலில்தான்.

நான் ஒன்றும் காட்டவில்லை. செத்துப்போனார் என்பதற்கு எங்களிடம் ஒரு தட்டோ கிள்ளோ இருக்கவில்லை. சம்மாட்டியின் மனைவி கிட்ட வந்து நின்றுவிட்டார். இவர் அவரைக் காணவில்லை.

"எஞ்சினைப் போடச் சொல்லும் அவரை. ஒரு பலகைதான் கிடக்கு."

நான் எட்டி இவருடைய வாயைக் கையால் பொத்தினேன். பகலில், வெளியில், இன்னொரு ஆள் பார்க்க. என் உள்ளங்கைக்குள் அந்த வாய் இன்னும் கொஞ்சம் அசைந்தது. என் முகத்தைப் பார்த்தார். பிறகு அது நின்றது.

சம்மாட்டியின் மனைவி கேத்திலை மணலில் வைத்தார். சரியாமல் இருக்க அதைச் சுற்றி மணலை அணைத்துவிட்டு, வள்ளத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போனார்.