நெய் டப்பாவில் அருகம்புல்

வடக்கே, லோதி ரோடு அரசாங்கக் குடியிருப்பில் என் அப்பா தோட்டம் பார்க்கும் மாலியாகச் சேர்ந்த முதல் குளிர்காலத்திலேயே புல்வெளியைக் கொன்ற பழி அவர் தலையில் விழுந்தது. அதுவரை சிமெண்ட் மூட்டை சுமந்தவர். புல்லைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர் ஊற்றவேண்டும் என்பதுதான். ஊற்றினார். ஆனாலும் மார்கழியில் அருகம்புல் மொத்தமும் வைக்கோல் நிறமாகிவிட்டது.

மாடி வீட்டு அம்மா சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து நாலு மாதம். அவர் ஊரில் தண்ணீர் விட்டால் புல் வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்குமாம். மாலி தண்ணீரே விடுவதில்லை என்று குடியிருப்புக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். பொங்கலன்று புல்லைக் கொத்தி எறிந்துவிட்டு வேறு ஆளை வைப்பதென்று முடிவானது. அப்பாவுக்கே சந்தேகம், தான்தான் கொன்றுவிட்டோமோ என்று.

எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தைவிட எங்கள் ஆட்டோடுதான் பழக்கம். அதை மேய்த்ததில் இரண்டு விஷயம் தெரியும். குளிரில் காய்கிற அருகு ஹோலி வாக்கில் தானே துளிர்க்கும். மாடி வீட்டு ஜன்னலுக்குக் கீழே இருந்த இஸ்திரிக்காரரின் கரியடுப்பைச் சுற்றி மட்டும் அது காயவே காயாது.

நேரே போய் அந்த அம்மா முன்னால் நின்றேன்.

"இது சாவலைம்மா. குளிருக்குச் சோம்பேறியாட்டம் படுத்துக் கெடக்குது. பொங்கலுக்குள்ள எழுப்பிக் காட்டறேன்."

அப்பா என் சடையைப் பிடித்து இழுத்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. காய்ந்த புல்லில் ஒரு கொத்தை மண்ணோடு பெயர்த்து நெய் டப்பாவில் வைக்கச் சொன்னார். பிறகு புடவை ஓரத்துச் சிவப்பு நூலை உருவி அதன் தண்டில் முடிச்சுப் போட்டார்.

"பச்சைப் புல்லை வேற எங்கயாவது பிடுங்கி நட்டுக் கொண்டுவந்துடுவே. உன் முழியே சரியில்லை."

நான் போட்டிருந்த திட்டமும் அதுதான்.

வேறு வழியில்லாமல் டப்பாவை இஸ்திரி அடுப்பை ஒட்டி வைத்தேன். வழக்கமாக மத்தியானமே அணைந்துவிடும் அடுப்பு, என் அதிர்ஷ்டம், அந்த இரண்டு வாரமும் பொழுது சாயும்வரை எரிந்தது.

பொங்கலன்று காலையில் மண்வெட்டியோடு ஆள் வந்து நின்றான். நான் டப்பாவோடு போனேன். சிவப்பு முடிச்சுக்கு மேலே விரல் நீளத்துக்குப் பச்சை. குடியிருப்புத் தலைவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு முடிச்சை இழுத்துப் பார்த்தார். "அச்சா," என்றார். மண்வெட்டி ஆள் பொங்கல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனான். அப்பா, தான் முன்பே சொன்னதுதானே என்பதுபோல மீசையைத் தடவிக்கொண்டார். ஹோலிக்கு மொத்தப் புல்லும் எழுந்துவிட்டது. வெட்டியதைக் காயவைத்துக் கட்டுக்கட்டாக வைத்தோம். அடுத்த குளிர் முழுக்க ஆட்டுக்கு விருந்து.

ஒன்று மட்டும் எனக்கு வேடிக்கையாக இருந்தது. அந்த இரண்டு வாரமும் மாடி வீட்டிலிருந்து ஜன்னல் திரை, மேஜை விரிப்பு, மடிப்புக் கலையாத புடவை என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்குவதாக இஸ்திரிக்காரர் புலம்பினார். சென்னைக்காரர்களுக்கு என்ன பைத்தியமோ என்று ஆட்டிடம் சொல்லிச் சிரித்தேன். அந்த அம்மாவைத் தோற்கடித்துவிட்ட பெருமையில் வெகுநாள் அவர் எதிரே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். அவரும் ஒதுங்கி வழிவிடுவார்.