ஓடாத காருக்குத் தேசிக்காய்

கடற்காற்று உடம்புக்கு நல்லது என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊர் உப்புவெளியில் ஒரு காரை நிறுத்தி வைத்துப் பார்த்ததில்லை. அந்தக் காற்று முதலில் கதவின் அடியை நக்கும். பிறகு பூட்டுக்குள் போய்க் குந்திக்கொள்ளும். வர்ணத்துக்கு அடியில் கொப்புளம் கொப்புளமாய் மூச்சு விடும். என் கார் அப்படித் தின்னப்படும் சத்தம் அறைக்குள் படுத்திருக்க எனக்குக் கேட்கிறது என்றேன் ஒருநாள். மச்சாள் சிரித்தாள்.

"உங்களுக்குத்தான் இல்லாத சத்தமெல்லாம் கேக்கும். நான் கூப்பிட்டால் மட்டும் கேக்காது."

மச்சாள் அண்ணனின் மனைவி. அண்ணன் கட்டாரில் வேலை. வளவு அவனுக்கும் எனக்கும் பாதிப் பாதி. வீடு நிற்பது அவனுடைய பாதியில். என் பாதி ஒடுங்கலானது. ஒரு கிணறு, ஒரு முருங்கை, மிச்ச இடம் முழுக்க அந்தக் கார். கணவரைப் பிரிந்தபோது வீடு அவருக்கு, கார் எனக்கு என்று ஆயிற்று. ஓட்டிக்கொண்டு வந்து கிணற்றடியில் நிறுத்தினேன். பிறகு திறப்பைப் போட்டு முடுக்கவே இல்லை. போக இடமில்லாதவளுக்கு வாகனம் எதற்கு? அண்ணன் தன் வீட்டின் பக்க அறையை எனக்குத் தந்தான். அதில் என் கட்டில், என் அலுமாரி, என் கதிரை. குசினி மட்டும் மச்சாளுடையது.

மட்டும் என்று எழுதிவிட்டேன். அந்தச் சொல்லின் பாரம் சொந்த அடுப்பு இல்லாதவருக்குத்தான் தெரியும். நான் கேத்தலை வைத்துவிட்டுத் திரும்பினால் மச்சாள் வந்து காஸ் அடுப்பைக் குறைத்துவிட்டுப் போவாள். உப்புப் போத்தலை நான் எங்கே வைத்தாலும் அதை ஒரு விரற்கடை தள்ளி வைப்பாள். "ராத்திரிக் கறி சட்டியில கிடக்கு. அதை முடிச்சுப்போட்டு உங்கட சமையலைத் தொடங்குங்கோவன்" என்பாள், தேன் தடவின குரலில். இதைச் சண்டை என்று சொல்ல முடியாது. சண்டை என்றால் எப்போதாவது முடியும்.

எனக்கு ஒரு குசினி வேண்டும். கதவோடு. உள்ளிருந்து பூட்டுகிற கதவு. அதைக் கட்டுவதற்கு என் பாதியில் இருந்தது ஒரே இடம், அதில்தான் கார் நின்றது. காரை விற்றால் இடம் வெளிக்கும், கல்லுக்கும் சீமெந்துக்கும் வழி பிறக்கும். நினைத்து நினைத்து அந்தச் சுவர்களைக் கட்டியும்விட்டேன். யன்னலைக் கிணற்றுப் பக்கம் வைத்தேன், மச்சாளின் முகம் தெரியாத பக்கம்.

பழைய வாகனங்கள் வாங்கி விற்கும் யாவாரி ஒருவர் கிண்ணியாவிலிருந்து வந்தார். சாரத்தை மடித்துக் கட்டி, காருக்குக் கீழே புகுந்து, எழும்பி மண்ணைத் தட்டினார்.

"இஞ்சின் தங்கம், அக்கா. பொடித் தகரம்தான் கடலுக்குப் போயிட்டு." பிறகு முன் கண்ணாடியைப் பார்த்தார். வரி கட்டியதற்கு ஒட்டிய துண்டு வெயிலில் எழுத்தெல்லாம் போய், உரித்த தோல் மாதிரி சுருண்டு கிடந்தது. "இது என்ன, வாகனம் வாங்கின காலத்து வரியா? இதை முடிச்சுத் தாங்க. அந்த நிமிசமே இழுத்திட்டுப் போறன்."

பிரதேச செயலகத்துக்குப் போனேன். நகரத்துக்குள் அலையும் மான்களில் ஒன்று வாசலில் யாரோ எறிந்த படிவத்தை மென்றுகொண்டு நின்றது. உள்ளே அதைவிட நிதானமாக ஒரு பெண் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லா வருசமும் நிலுவை அக்கா. தண்டமும் இருக்கு."

"ஓடாத காருக்கு ஏன் தங்கச்சி வரி?"

"ஓடேல்லை எண்டு எங்களுக்கு ஆர் சொன்னது?"

"இப்ப நான் சொல்லுறன்."

"நிப்பாட்டின உடன வந்து சொல்லியிருக்க வேணும். இப்ப வந்து சொன்னால் நாங்கள் நம்பிறதோ?" என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கினாள். "ஜி.எஸ் வந்து பார்த்து, கார் ஒரே இடத்தில அசையாமல் நிண்டது எண்டு கடிதம் தந்தால் மேல வைச்சுப் பாக்கலாம். வேற வழி இல்லை."

அசையாமல் நின்றது. அதைவிட உண்மையான ஒரு வசனம் என் வாழ்க்கையில் இல்லை. துறைமுகப் பக்கம் கப்பலொன்று ஊத, எனக்காக ஊதுகிறது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஜி.எஸ், எங்கள் பகுதியின் கிராம சேவகர், மறுநாளே மோட்டார் சைக்கிளில் வந்தார். நல்ல மனிதர், அவசரம் இல்லாதவர். காரை ஒருமுறை சுற்றினார். கூரையில் முருங்கைச் சருகு, கதவிடுக்கில் புற்று. தலையை ஆட்டினார். எனக்கு மனசில் குசினியின் கூரையே ஏறிவிட்டது.

பிறகு குனிந்தார்.

"டயரெல்லாம் நல்ல காத்தா இருக்கே."

நானும் அப்போதுதான் குனிந்தேன். நாலு டயரும் கொழுத்திருந்தன. முன் பக்கம் சந்தனப் பொட்டு, குங்குமம். டயர்களின் கீழே நசிந்து காய்ந்த தேசிக்காய்த் தோல்கள், நவராத்திரி முடிந்து மண் மூடாதவை. பழைய தோல்களும் மண்ணுக்குள் கறுத்துக் கிடந்தன.

சரியாக அந்த நேரம் மச்சாள் தேத்தண்ணியோடு வந்தாள்.

"அது பூசைக்கு உருட்டினது, சேர். வருசா வருசம் ஆயுத பூசைக்குக் காத்தடிச்சு, சல்லி ஊரிலயிருந்து வலை இழுக்கிற ஆக்களைக் கூப்பிட்டு, தேசிக்காய்க்கு மேல ஏத்தி இறக்குறனாங்கள். வாகனத்தைச் சும்மா விடக் கூடாதுதானே?"

எனக்குத் தெரியும். வருசா வருசம் யன்னலால் பார்த்திருக்கிறேன். கார் ஒரு முழம் முன்னால் போய் ஒரு முழம் பின்னால் வரும். எல்லாரும் கைதட்டுவார்கள். அதை அசைவு என்று நான் கணக்கில் எடுத்ததே இல்லை.

"ஒரு முழம், சேர்" என்றேன்.

"விளங்குது அக்கா. ஆனால் அசையேல்லை எண்டு நான் எப்பிடி எழுதுறது? உருட்டினதோ ஓடினதோ எண்டு நான் கண்டனானே? நாளைக்கு ஆராவது பெட்டிசன் போட்டால் என்ர வேலைதான் போகும்."

"பெட்டிசன் போடுற ஆக்கள் இந்த வளவில இல்லை, சேர்" என்றாள் மச்சாள். அவர் அவளை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், தேத்தண்ணியைப் பாதியில் வைத்தார்.

மோட்டார் சைக்கிள் ஒழுங்கை திரும்பும் வரைக்கும் பொறுத்திருந்தேன்.

"ஆர் உங்களை வாய் திறக்கச் சொன்னது?"

"பூசையைப் பற்றிப் பொய் சொல்லச் சொல்லுறியளோ?"

"பொய் வேண்டாம். தேத்தண்ணியைக் குடுத்திட்டுப் பேசாமல் போயிருக்கலாம்."

"உங்கட காருக்கு வருசா வருசம் பொட்டு வைச்சது நான். நீங்கள் ஒருநாள், ஒரு பூ வைச்சியளோ?"

"ஆர் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டுத்தான் எல்லாம் செய்யிறதெண்டால் இந்த வீட்டில அடுப்பும் எரியாது." தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "அதில குசினி கட்டப் போறியள். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியளோ? புருசன் வெளிநாட்டில, வந்த மச்சாளுக்கு இவள் ஒரு பிடி சோறு குடுக்கேல்லை எண்டுதானே ஊர் கதைக்கும்?"

"சோறு தந்தியள் மச்சாள். அதைத்தான் என்னால தாங்க ஏலாமல் இருக்கு."

அவள் தட்டோடு குசினிக்குள் போனாள். பூசைக் கதையை வேண்டுமென்றே சொன்னாளா, வாய் தவறிச் சொன்னாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வேண்டுமென்றே என்றுதான் நம்புகிறேன். அப்படி நம்பினால் நித்திரை வருகிறது.

யாவாரிக்கு அழைத்தேன். கடிதம் கிடைக்காத கதையைச் சொன்னேன். "ஒரு வேலை செய்வம் அக்கா. பற்றரி போட்டு, புகைச் சோதனை முடிச்சு, நிலுவை, தண்டம் எல்லாம் நானே கட்டுறன். ஆனா உங்கட கைக்கு ஒண்டும் மிஞ்சாது."

"கார் போகுமோ?"

"அது போகும்."

"அப்ப வாங்கோ."

கல்லும் சீமெந்தும் போயிற்று. கதவு போயிற்று. கிணற்றுப் பக்க யன்னலும் போயிற்று. லொறியும் கயிறும் வந்தன. பத்திரங்களில் கையெழுத்து வைத்து நிமிர்ந்தால், மச்சாள் நாலு தேசிக்காயோடு நிற்கிறாள். யாரையும் பார்க்காமல் ஒவ்வொரு டயரின் கீழும் வைத்தாள், குனிந்து, பாவாடையைக் காலுக்கிடையில் சுருட்டிக்கொண்டு. உதைத்துத் தள்ளத்தான் என் கால் துடித்தது. லொறி முந்திக்கொண்டது. தேசிக்காய் வெடித்தது. அந்தப் புளிப்பு வாசம் மூக்கில் ஏறக் கார் படலையைத் தாண்டி, நிலாவெளி வீதியில் குலுங்கிக்கொண்டு போனது.

அது நின்ற இடம் புல்லில்லாமல் வெளிறி, எண்ணெய்க் கறையோடு கிடந்தது. மச்சாளின் உடுப்புக் கொடிக் கயிறு நீண்டு அங்கே வருவதற்குள் இடத்தைப் பிடிக்க வேண்டும். கிணற்றடியிலிருந்து மூன்று கல் உருட்டினேன். சிரட்டை பொறுக்கி நெருப்பு மூட்டினேன். அலுமாரிக்குள் எனக்கென்று ஒரு தேயிலைப் பைக்கற் வைத்திருந்தேன். கேத்தலை ஏற்றினேன்.

மச்சாள் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"மழை வந்தால்?"

"நனைவன்."

"புகை எங்கட பக்கம் வருது."

"காத்தோட கதையுங்கோ."

தண்ணீர் கொதித்தது. ஒருவரும் நெருப்பைக் குறைக்கவில்லை. கோப்பையில் ஊற்றிய பிறகுதான் சீனி இல்லை என்பது தெரிந்தது. சீனிப் போத்தல் மச்சாளின் குசினியில். அவள் இன்னும் அந்த வாசலில்தான் நின்றாள், கேட்பேன் என்று. கேட்கவில்லை. நல்ல கசப்பு. அவள் பார்த்திருக்க, எண்ணெய்க் கறையின் மேல் குந்தியிருந்து, கடைசி மிடறு வரை குடித்தேன்.